திங்கட்கிழமை மட்டும் குளிர்காய்ச்சல்: வேலை செய்யும் ஹாலின் காற்றுதான் காரணமா?

ஆம்பூர் தையல்காரி:
ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் யூனிட்டில் வேலை செய்கிறேன். ஒரே ஹாலில் நாற்பது பேர். தூசி வரும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். வெயில் தாங்காமல் ஏப்ரலில் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் மிஸ்ட் ஃபேன் இரண்டு வைத்தார்கள். ஐந்து வாரமாகத் திங்கட்கிழமை மதியச் சாப்பாடு வரை நன்றாக இருப்பேன். நாலு மணிக்கு மேல் நடுக்கம், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், ராத்திரி காய்ச்சல். விடிந்தால் விட்டுவிடும். செவ்வாய், புதன் லேசாக வரும், ஞாயிறு ஒன்றுமே இல்லை. பக்கத்து மெஷின் அக்காவுக்கும் இதேதான். டாக்டர் வைரல் என்கிறார். வாராவாரமா? ஷூ ஒட்டும் பசையான சொல்யூஷன் வாசனை ஆகாமல் இருக்குமோ?

குடியாத்தம் தம்பி:
சொல்யூஷன் என்றால் தலைவலி, மயக்கம் வரும் அக்கா. இப்படிக் கிழமை பார்த்துக் காய்ச்சல் வராது. ஃபேன் டேங்கில் விரலை விட்டுப் பாருங்கள்.

ஆம்பூர் தையல்காரி:
விட்டேன் தம்பி. உள்சுவர் முழுக்க வழவழவென்று பாசி மாதிரி. விரலை முகர்ந்தால் குட்டை நாற்றம்.

காட்பாடி லேப்காரர்:
அம்மா, அந்த வழவழப்பு பாக்டீரியா கூட்டம். ஃபேன் அதைத் துளியாக்கி நாற்பது பேர் நெஞ்சுக்குள் அனுப்புகிறது. சில பாக்டீரியாவின் மேலோட்டில் எண்டோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. பாக்டீரியா செத்தாலும் அது வேலை செய்யும். மூச்சில் போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். தினமும் பட்டால் உடம்பு ஓரளவு பழகிவிடும், ஒருநாள் லீவு விட்டால் பழக்கம் போய்விடும். அதனால்தான் திங்கட்கிழமை பாடாய்ப் படுத்துகிறது. காற்றை ஈரமாக்கும் கருவியால் வருவதால் இதை ஹ்யூமிடிஃபையர் காய்ச்சல் என்பார்கள்.

இதே மாதிரித் தண்ணீர்த் துளியில் பரவும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வேறு. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்களை நிமோனியாவில் வீழ்த்திய கிருமி அது. 25 முதல் 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். நம் ஊர் மே மாதத்து டேங்க் தண்ணீர் அந்தச் சூடுதான். அந்த நிமோனியா ஞாயிற்றுக்கிழமை விடாது. காய்ச்சல் இறங்காமல் மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டது. மூடிய ஹாலில் டிபியும் காற்றில்தான் பரவும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், அந்த அக்காவையும் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமைக் கணக்கை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஆம்பூர் தையல்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சளியில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயும் சரி. சூப்பர்வைசரிடம் நாலு பேராகப் போய்ச் சொன்னோம். ஃபேனை நிறுத்தி, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து விட்டார்கள். வேர்க்கிறது, ஆனால் இரண்டு திங்கட்கிழமையாகக் காய்ச்சல் இல்லை. வெயில் ஏறினால் திரும்பப் போடுவார்களாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா அண்ணா?

காட்பாடி லேப்காரர்:
போதாது. முதலில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், ஹாலில் ஆள் இல்லாத நேரத்தில், மாஸ்க் கட்டிக்கொண்டு. அப்புறம் பிளீச்சிங், பிறகு நன்றாக அலச வேண்டும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது. தினமும் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து காயவிடுங்கள். என்னைக் கேட்டால், புகை அடிக்கும் ஃபேனே வேண்டாம். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் போடச் சொல்லுங்கள் அம்மா.