புதுப்பிப்பு: வாஷிங் மெஷினில் சுருக்கென்று ஷாக் – காரணம் கிடைத்தது

வாஷிங் மெஷினை ஈரக்கையால் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "மெஷினை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232 வோல்ட். எர்த் சரியாக இருந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும்; 70 கூட நிற்கவில்லை. எர்த் குழியைத் திறந்தால், கிளாம்ப் துருப்பிடித்துக் கம்பி தனியே கிடந்தது. புது கிளாம்ப், புது கம்பி போட்ட பிறகு 229. ஷாக் நின்றுவிட்டது. மெஷினில் பழுதே இல்லை; உள்ளே உள்ள, மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகப் பாடிக்குச் சிறிது மின்சாரம் கசிவது இயல்புதான், எர்த் இருந்தால் அது அதன் வழியே போய்விடும்.

எதிர்பாராதது சமையலறை சாக்கெட். அங்கே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டர் முதலிலிருந்தே 232 காட்டியதால் நல்லது என்று விட்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துக் கழற்றினால், எர்த் கம்பியே இல்லை! நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டுக் கம்பியை யாரோ இழுத்திருக்கிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால் கிரைண்டர் பாடியில் 230 வோல்ட் வந்திருக்கும். அம்மா தினமும் தொடும் கிரைண்டர் அது. நினைத்தாலே பதறுகிறது. எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அளந்தால், கிரைண்டர் ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டியது; உண்மையான தனி எர்த் என்றால் ஓடும்போது சிறிதாவது வோல்ட் காட்டும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த சாக்கெட்டுக்குத் தனி எர்த் கம்பி இழுத்தாயிற்று. அப்புறம், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டோம்.