மறு: ‘நான்-ரெசிப்ராசிட்டி’க்கு ‘ஈடு கோராமை’ சரிவருமா?

> ‘கைம்மாறு கருதாமை’ என்றே வைக்கலாமே. பழைய சொல், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். சொல் அழகானதுதான். ஆனால் நாம் கலைச்சொல் தொகுப்புக்காகத் தமிழ் தேடும் ‘நான்-ரெசிப்ராசிட்டி’, அண்டை நாடுகளோடு இந்தியா நடந்துகொள்ளும் முறை பற்றிய குஜ்ரால் கொள்கையில் வருவது. அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. ‘கைம்மாறு கருதாமல்’ என்றதுமே கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்றாகிவிடுகிறது. 1996-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த குஜ்ரால், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை என்று பெயர் சொல்லி, இவர்களுக்குச் செய்வதற்குச் சமமாகத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்றார். உள்விவகாரத்தில் தலையிடாமை, இறையாண்மையை மதித்தல் ஆகியவையும் அதே கொள்கையில் உண்டு. மரியாதையோடு சொன்னதை நாம் தமிழில் தானமாக்கிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதைத் தமிழிலேயே படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தானம் எது என்று இராயபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் பக்கத்திலுள்ள சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகளோடு இலங்கைக்குக் கப்பல் போனது. தமிழ்நாடு அரசு அனுப்பிய அதைக் கைம்மாறு கருதாத உதவி என்று தாராளமாகச் சொல்லலாம். அதே ஆண்டு டெல்லி கொடுத்ததில் பெரும்பகுதி கடன்: அத்தியாவசியப் பொருள்களுக்கு 100 கோடி டாலர், எரிபொருளுக்கு 50 கோடி டாலர். அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். குஜ்ரால் சொன்னது இந்த இரண்டும் இல்லை, பேச்சுவார்த்தையில் பெரிய நாடு நடந்துகொள்ளும் முறை. 1996 டிசம்பரில் கையெழுத்தான கங்கை நீர் உடன்பாட்டைப் பாருங்கள். மேற்கு வங்கத்திலுள்ள பராக்கா தடுப்பணையில் வறண்ட காலத் தண்ணீரை 30 ஆண்டுகளுக்குப் பங்கிட இந்தியாவும் வங்கதேசமும் ஒப்புக்கொண்டன. அதற்கு விலையாக இந்தியச் சரக்குகள் போக வங்கதேசம் பாதை தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

> ‘பரஸ்பரமின்மை’?

அம்மா, வியாசர்பாடியில் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இதைப் பலகையில் எழுதிக் கேட்டேன். ‘ரெண்டு நாட்டுக்கும் ஒத்துவரலை’ என்று பலரும் பொருள் சொன்னார்கள். தமிழ் வழியில் தேர்வு எழுதுகிறவர்கள் சொல்லாலேயே தடுக்கி விழக் கூடாது.

அதனால்தான் ‘ஈடு கோராமை’. ‘ஈடு’ என்றால் சமம். கடனுக்கு ஈடு என்னும்போது பிணைப்பொருள். இரண்டு பொருளும் இங்கே வேலை செய்கின்றன. ‘ஈடு கோரா அணுகுமுறை’ என்று பெயரடையாகவும் இயல்பாக வருகிறது.

ஒன்றை மட்டும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். 1974 கச்சத்தீவு உடன்பாட்டுக்கு இச்சொல்லைப் போடக் கூடாது. அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை வரையறை. தொடர்ந்து 1976-ல், குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளக் கடற்பகுதி இந்தியாவுக்குரியது என்று உறுதியானது. காசிமேட்டில் கச்சத்தீவு என்றாலே கோபம் வரும். மீனவர் கோபத்தில் நியாயம் உண்டு, அந்த உடன்பாட்டைக் கடுமையாக விமர்சிக்கவும் செய்யலாம். ஆனால் அதை ‘ஈடு கோராமை’ என்று எழுதினால் மாணவருக்கு வரலாறே தப்பாகப் போய்ச் சேரும்.

இலங்கை நண்பர்கள் யாராவது, அங்கே பல்கலைக்கழகங்களில் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் அதையே முதலில் பரிசீலிப்போம். இல்லையென்றால் அப்புறம் ‘ஈடு கோராமை’யைத் தொகுப்பில் ஏற்றிவிடலாம்.