கலைச்சொல் விவாதம்: ‘வாதாட மாட்டேன்’ என்று சொல்லியே வாதாடும் உத்திக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சென்ற வாரம் நான் கேட்ட சொல்லுக்கு நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நன்றி. ஒவ்வொன்றையும் மூலத்தோடு, அதாவது நான் மொழிபெயர்க்கும் ஃபிரெடெரிக் டக்ளஸின் உரையோடு, வைத்துப் பார்த்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1852 ஜூலை 5, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம், கொரிந்தியன் மண்டபம். அந்நகரப் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கம் அழைத்து, ஃபிரெடெரிக் டக்ளஸ் பேசுகிறார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர். அமெரிக்காவின் சுதந்திர நாளைப் பற்றிப் பேச வந்தவர், ‘இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல’ என்கிறார். இந்த ‘உங்கள்’ உரை முழுக்க ஓடுகிறது: உங்கள் தந்தையர், உங்கள் விடுதலை. ஆங்கிலத்தில் அவர் இப்படிப் பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு சொற்கள் இருப்பதால் மொழிபெயர்ப்பில் எந்த இடத்திலும் நழுவ முடியாது. அதைத் தனி இழையில் பேசலாம்.

நாம் பெயர் தேடும் உத்தி உரையின் நடுவில் வருகிறது. ‘கொஞ்சம் குறைவாகக் கண்டித்து, கூடுதலாக வாதாடினால் என்ன’ என்று யாரோ கேட்பதாக டக்ளஸே எழுப்பிக்கொள்கிறார். பதில்: அடிமை மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா? அது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். இதைச் சொன்ன கையோடு சான்றுகளை அடுக்குகிறார். வர்ஜீனியாவில் ஒரு கறுப்பர் செய்தால் மரண தண்டனை என்று 72 குற்றங்கள் உள்ளன; அவற்றில் இரண்டுக்குத்தான் வெள்ளையருக்கும் அதே தண்டனை. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடுக்கத் தென் மாநிலங்களில் சட்டங்கள் இருக்கின்றன. வயலில் மேயும் விலங்குகளுக்கு அப்படி ஒரு சட்டத்தைக் காட்டுங்கள், அப்போது வாதாடச் சம்மதிக்கிறேன் என்கிறார். வாதம் முடிந்துவிட்டது. ஆனால் தான் வாதாடவே இல்லை என்கிற நிலையிலிருந்து அவர் இம்மியும் இறங்கவில்லை. வாதாடினால், அடிமை மனிதனா இல்லையா என்பது விவாதத்துக்கு உரிய கேள்வி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த மறுப்பில்தான் அவருடைய மானம் இருக்கிறது. நமக்கு வேண்டிய சொல்லில் இந்த மறுப்பு கேட்க வேண்டும்.

கிரேக்கர்கள் இதைப் பாராலிப்சிஸ் என்றார்கள், ஓரமாக விட்டுவிடுதல் என்று பொருள். லத்தீனில் பிரீட்டரிஷியோ, கடந்து போதல். இரண்டுமே விடுவதை மட்டும் சொல்கின்றன, சொல்வதைச் சொல்லவில்லை.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘சொல்லாமற்சொல்லல்’ பழகிய சொல், காதுக்கும் இனிமை. ஆனால் தமிழில் சொல்லாமல் சொல்வது என்றால் கண்ணாலும் முகத்தாலும் குறிப்பாக உணர்த்துவது. டக்ளஸ் குறிப்பு காட்டவில்லை. தடியால் அடிப்பது, சாட்டையால் தோலுரிப்பது, நாய்களை விட்டு வேட்டையாடுவது, ஏலத்தில் விற்பது, குடும்பங்களைப் பிரிப்பது, பல்லை உடைப்பது உட்பட 13 கொடுமைகளை வாய்விட்டுச் சொல்கிறார். இது பொருந்தாது.

‘ஒழிப்புரை’ இந்தத் தலைப்பில் கூடவே கூடாது. அடிமை ஒழிப்பு பற்றிய உரை என்றுதான் எவரும் படிப்பார்கள்.

‘முன்னவிலக்கு’ என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஐயாவுக்குத் தனி நன்றி. புதிதாகக் கட்டுவதற்கு முன் நம் அணியிலக்கணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்தும். ‘முன்னத்தின் மறுப்பின் அது முன்னவிலக்கே’ என்பது நூற்பா. முன்னம் என்றால் குறிப்பு. அங்கே மறுப்பு குறிப்பில் இருக்கிறது. பிரியப் போகும் தலைவனைத் தலைவி வாழ்த்தி அனுப்புகிறாள். ‘போகாதே’ என்பது உள்ளே கிடக்கிறது. அதனால் அதில் வாழ்த்து விலக்கு என்றே ஒரு வகை. டக்ளஸிடம் இது தலைகீழ்: மறுப்பு வெளிப்படை, சொல்லும் பொருளும் வெளிப்படை. முழுப் பெயரையும் எடுத்தால் பழைய அணியைப் படித்தவர்கள் குழம்புவார்கள். ஆனால் அதிலுள்ள ‘விலக்கு’ நமக்கு வேண்டும்.

கடைசியாகத் ‘தவிர்த்துரை’. இதற்குத்தான் அதிக ஆதரவு, நானும் இரண்டு நாள் இதிலேயே இருந்தேன். பிறகு ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘டக்ளஸ் கொடுமைகளைத் தவிர்த்துரைத்தார்.’ கொடுமைகளைப் பேசாமல் விட்டுவிட்டார் என்றல்லவா படிக்கிறது! தவிர்ப்பது என்றால் தொடாமலே போவது. விலக்குவதற்கு ஒன்றைத் தொட்டாக வேண்டும். திரையை விலக்குகிறோம், மேகம் விலகுகிறது என்கிறோம். விலக்கும்போது பின்னால் இருப்பது தெரிகிறது. டக்ளஸ் செய்வது இதைத்தான். வாதத்தைக் கையால் ஒதுக்குகிறார், ஒதுக்கும் அசைவிலேயே காட்டிவிடுகிறார்.

ஆகவே என் பரிந்துரை: விலக்கியுரைத்தல். முதலில் விலக்கு, அப்புறம் உரை. உத்தி நடக்கும் வரிசையும் அதுவே.

இந்த வரிசை மொழிபெயர்ப்பிலும் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘நான் வாதாட வேண்டுமா’ முதலில் வருகிறது, கொடுமைகள் பின்னால் வருகின்றன. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நேராகப் பெயர்த்தால் 13 கொடுமைகளும் தீர்ந்த பிறகுதான் மறுப்பு கேட்கும். உத்தியே செத்துவிடும். அதனால் இப்படி மாற்றினேன்:

‘என்ன, இதற்கும் நான் வாதாட வேண்டுமா? மனிதரை விலங்காக்குவது தவறு என்றா? கூலி இல்லாமல் வேலை வாங்குவது தவறு என்றா? கைகால்களில் இரும்பைப் பூட்டுவது தவறு என்றா? மாட்டேன். என் நேரத்துக்கும் வலுவுக்கும் இதைவிட நல்ல வேலை இருக்கிறது.’

பட்டியலைச் சுருக்கித் தந்திருக்கிறேன். ‘என்றா’ திரும்பத் திரும்ப வருவது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு அது ஒவ்வொன்றையும் எடுத்துத் தள்ளி வைப்பது போலக் கேட்கிறது.

இது வஞ்சப்புகழ்ச்சியின் ஒரு வகைதானே என்று கேட்ட அக்காவுக்கு: இல்லை. சுட்டெரிக்கும் எள்ளல்தான் இப்போது தேவை என்று டக்ளஸே சொல்கிறார், உண்மை. ஆனால் இந்தப் பத்தியில் எந்தச் சொல்லும் எதிர்ப்பொருளில் வரவில்லை. ஒவ்வொரு வரியும் நேர்ப்பொருள்.

வினையாக ‘விலக்கியுரைக்கிறார்’, பெயராக ‘விலக்கியுரைத்தல்’ இரண்டும் தடையில்லாமல் வருகின்றன. ‘விலக்கியுரை’ என்று சுருக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்; ஏவல் வினை போல ஒலிக்கிறது. ‘எடுத்துரை’, ‘தொகுத்துரை’ போன்றவற்றை வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.