ஆல்டோ பார்ட் நிக்கவே மாட்டேங்குது, மூணு வாரத்துல மெசையா கச்சேரி, பாடவா விலகிடவா?

லெஸ்டர்_ஆல்டோ:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். சின்ன வயசுல பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டேன், வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடுவேன், சுருதி விலகாதுன்னு டீச்சர் எப்பவும் சொல்லுவாங்க. இங்க ஒரு கம்யூனிட்டி கொயர் இருக்கு, ஆடிஷன் கிடையாது, யார் வேணா சேரலாம், செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம் ப்ராக்டிஸ். செப்டம்பர்ல சேந்தேன். டிசம்பர்ல ஹேண்டலோட மெசையா பண்றோம், ஏசுவைப் பத்தின பெரிய கூட்டுப்பாட்டு அது, முதல் பாகம் முழுசும், அப்புறம் ஹல்லேலூயா, ஆமென்.

குரல் கீழ இருக்குன்னு என்னை ஆல்டோல, அதாவது பொம்பளைங்கள்ல கீழ்க்குரல் பாடுற பார்ட்டுல, போட்டாங்க. வீட்ல தனியா பாடுனா என் பார்ட் நல்லாவே வருது. அங்க போய் நின்னு பக்கத்துல மேல்குரல் பாடுற சொப்ரானோ ஆரம்பிச்ச உடனே என் குரல் தானா அங்க போயிடுது, நான் போகணும்னு நினைக்கவே இல்ல, காது இழுத்துட்டு போகுது. அஞ்சு கோட்டு மேல எழுதுற ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கவும் தெரியாது. தம்புரா இல்லாம நிக்கிறது தரையே இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு, போதாக்குறைக்கு பாட்டு நடுவுல ஸ வேற மாறிடுது.

போன வாரம் ஃபார் அன்டு அஸ் எ சைல்டு இஸ் பார்ன் பாடும்போது கண்டக்டர் நிறுத்தி, ஆல்டோல யாரோ ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டு போறாங்க, தனித்தனியா வேணும்னாரு. யாரையும் பாத்து சொல்லல, ஆனா அது நான்தான். அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சேன். பத்து வருஷம் பாடின ஆளு வாயை மட்டும் அசைச்சிட்டு நின்னது வீட்டுக்கு வந்தும் தொண்டைலயே இருக்கு. அம்மா வேற போன்ல சர்ச் பாட்டா பாடுறேன்னு கேக்குறாங்க. விலகிடலாமா?

நெல்லை_பேஸ்:

விலகாதீங்க சிஸ்டர். நான் பாளையங்கோட்டை, இப்ப சென்னை. சின்ன பிள்ளையிலேருந்து சர்ச் கொயர்தான், அப்பா டெனர், நான் அதுக்கும் கீழ பேஸ், ரெண்டும் ஆம்பளைங்க பார்ட். எங்க ஊர்ல பழைய ஆட்கள் நிறைய பேருக்கு ஸ்டாஃப் தெரியாது, டோ ரே மின்னு எழுதுற டோனிக் சோல்ஃபா வச்சே நாலு பார்ட்டும் பாடிருவாங்க. சோல்ஃபால டோ எந்த சுருதில வேணா இருக்கும், அதாவது உங்க ஸ-வேதான். அதனால உங்க பார்ட்டை ஸரிகமல எழுதிக்கோங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

தம்புரா இல்லன்னு சொன்னீங்கள்ல, அண்ட் த குளோரி ஆஃப் த லார்ட் எடுத்து பாருங்க. அது ஏ மேஜர், அதாவது ஏ-ங்கிற ஸ்வரம்தான் அங்க ஸ. ஆர்கெஸ்ட்ரா முடிஞ்சதும் முதல்ல பாடுறது ஆல்டோ மட்டும்தான், வேற எந்த பார்ட்டும் கிடையாது, அப்ப உங்கள யார் இழுப்பா? கொஞ்சம் தள்ளி ஃபார் த மவுத் ஆஃப் த லார்டுன்னு வரும்போது டெனரும் பேஸும் ஏ-லயே நீட்டி நீட்டி நிப்போம். அது உங்க ஸ. தம்புராவை ஹேண்டல் ஆம்பளைங்க தொண்டைல வச்சிருக்காருன்னு நினைச்சுக்கோங்க. அந்த இடத்துல சொப்ரானோ பக்கம் இருக்கிற காதை எடுத்து பின்னாடி எங்க மேல வைங்க. பிறகு இ-க்கு போகும்போது ஸ மாறலேன்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, பஞ்சமம் ஸ ஆகுது அவ்வளவுதான், கிரகபேதம் கேட்ட காதுக்கு இது புரியாதா என்ன.

இன்னொண்ணு, உங்க முதல் ஸ்வரம் எங்கேருந்து வருதுன்னு தேடி வைங்க. முன்னாடி யாரோ ஒருத்தர் அந்த ஸ்வரத்தை பாடியிருப்பாங்க, இல்ல வயலின்ல வந்திருக்கும். பென்சில்ல ஒரு வட்டம் போட்டு அங்கேருந்து உங்க வரிக்கு ஒரு கோடு இழுத்திருங்க. என் புஸ்தகம் முழுக்க இப்படி கோடுதான்.

ஸ்கார்பரோ_அக்கா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன், பதினொரு வருசமா இஞ்ச ஒரு கொயரில ஆல்டோ. நீங்கள் சொன்ன எல்லாம் எனக்கும் நடந்தது. காது இழுக்குது எண்டால் சத்தமா பாடி அதை வெல்லலாம் எண்டு நினைப்பம், அது சரிவராது. மெதுவா பாடுங்கோ, பக்கத்தில நிக்கிறவவின்ட குரல் உங்கட குரலை விட கொஞ்சம் கூடக் கேக்க வேணும். கண்டக்டரிட்ட கேட்டு, நல்லாப் பாடுற ரெண்டு ஆல்டோவுக்கு நடுவில போய் நில்லுங்கோ, சொப்ரானோவுக்குப் பக்கத்தில நிக்காதேங்கோ. இதைக் கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை.

வாயை மட்டும் அசைக்கிறதைப் பற்றி ஒண்டு சொல்லோணும். அதுக்குப் பதிலா, தெரிஞ்ச சொல்லை மட்டும் பாடுங்கோ. ஒரு வரியில ரெண்டு சொல்லுத்தான் நிச்சயம் எண்டால் அந்த ரெண்டையும் வடிவாப் பாடிப்போட்டு மிச்சத்தை விடுங்கோ, அடுத்த கிழமை மூண்டு வரும். மூச்சும் அப்பிடித்தான், நீளமான வரியில எல்லாரும் ஒரே இடத்தில மூச்சு எடுக்கக் கூடாது, நீங்கள் எடுக்கேக்க பக்கத்தில இருக்கிறவ பாடிக்கொண்டிருப்பா, அவ எடுக்கேக்க நீங்கள். தனியக் கச்சேரி பாடினவைக்கு இது விளங்க கொஞ்ச நாள் எடுக்கும், எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது.

அம்மா காலமான வருசம் நாங்கள் ஃபோரேயின்ட ரெக்வியம் பாடினம், அது இறந்தவைக்காகப் பாடுறது. அதில ஒஃபெர்டுவார் எண்ட பகுதியை ஆல்டோவும் டெனரும்தான் தொடங்கிறது, ஓ டோமினே எண்டு மிக மெல்லமா, ஒரு குரலுக்குப் பின்னால மற்றக் குரல். நான் இந்து, லத்தீனும் தெரியாது. தொடங்கின உடன எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது, ஒரு சத்தமும் வரேல்லை. ஆனா ஆல்டோ நிக்கேல்லை, அந்த ஸ்வரம் அப்பிடியே போய்க்கொண்டிருந்தது, நாலு வரி கழிச்சு நான் திரும்ப அதுக்குள்ள போனன். தனியப் பாடியிருந்தால் அந்த இடத்தில பாட்டு நிண்டிருக்கும்.

டெனர்_சிங்கப்பூர்:

மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் அந்த வழுக்குற விஷயத்துக்கு மட்டும் வரேன். ஃபார் அன்டு அஸ் பாட்டோட மெட்டு முதல்ல இதுக்காக போட்டதே இல்ல. 1741 ஜூலைல ஹேண்டல் ரெண்டு பேர் பாடுற மாதிரி இத்தாலி மொழில சில டூயட் எழுதினாரு, அடுத்த மாசம் மெசையா ஆரம்பிச்சு 24 நாள்ல முடிச்சப்போ அதுலேர்ந்து எடுத்து இங்க வச்சுக்கிட்டாரு. அண்ட் ஹி ஷல் ப்யூரிஃபை, ஹிஸ் யோக் இஸ் ஈஸி எல்லாமே அப்படி வந்ததுதான். இத்தாலி வரி 'நோ'ன்னு ஆரம்பிக்கும், இல்லங்கிற அர்த்தம், அதனால அங்க அழுத்தம் பொருந்தும். இங்க அதே எடத்துல ஃபார்னு ஒரு சும்மா வார்த்தை உக்காந்திருக்கு, அதை போட்டு அழுத்தாதீங்க. ஒரே சொல்லுல நீளமா ஓடுற அந்த ரன் எல்லாம் ரெண்டு தேர்ந்த பாடகருக்கு எழுதினது, நம்மள மாதிரி ஆபீஸ் முடிஞ்சு ஓடி வர்றவங்க கஷ்டப்படுறது நியாயம்தான்.

ஆனா உங்ககிட்ட 'ஆ'ன்னே ஸ்வரமெல்லாம் பாடிப் பழகின அகார சாதகம் இருக்கே! இங்க எல்லாரும் அந்த ரன்னுக்குத்தான் பயப்படுவாங்க, உங்களுக்கு வேகம் ஏற்கனவே இருக்கு, ஸ்வரத்தை ஆட்டுற கமகத்தை மட்டும் எடுத்துடணும். மாயாமாளவகௌளைல சரளி வரிசை முதல் நாள் எப்படி பாடினீங்க, ஆட்டாம அசைக்காம, அப்படி. நாலு நாலு ஸ்வரமா பிரிச்சு முதல் ஸ்வரத்துல லேசா ஒரு தட்டு, மெட்ரோனோம்ல நிமிஷத்துக்கு அறுபது தட்டுன்னு வச்சு ஆரம்பிங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க, மெசையா முதல்ல அரங்கேறினது சர்ச்ல இல்ல, 1742 ஏப்ரல் 13 டப்ளின்ல ஒரு மியூசிக் ஹால்ல. வசூல் தர்மத்துக்கு போச்சு, கடன் கட்ட முடியாம ஜெயில்ல கிடந்த 142 பேர் அதுல வெளிய வந்தாங்க.

அப்புறம் ஹல்லேலூயா. கடைசி ஹல்லேலூயாவுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து நிறுத்தற இடம் ஒண்ணு வரும், ஆர்கெஸ்ட்ராவும் கிடையாது, சுத்தமா அமைதி. என் முதல் கச்சேரில நான் புஸ்தகத்தையே பாத்துட்டு இருந்து அந்த அமைதில 'ஹா'ன்னு தனியா பாடிட்டேன். ஹால் முழுக்க கேட்டுது. கண்டக்டர் கை மேல அப்படியே நின்னுட்டு இருந்துச்சு, அதை நான் பாக்கல. அன்னைக்கு ராத்திரி பக்கத்துல நின்ன பெரியவர் என் புஸ்தகத்தை வாங்கி அந்த எடத்துக்கு மேல பென்சில்ல ஒரு மூக்குக்கண்ணாடி வரைஞ்சு குடுத்தாரு. கொயர்ல எல்லாரும் போடுற குறிதான் அது, நிமிந்து அவரை பாருன்னு அர்த்தம். இன்னைக்கே வரைஞ்சுடுங்க.

லெஸ்டர்_ஆல்டோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ப்ராக்டிஸ் போயிட்டு வந்தேன். கண்டக்டர்கிட்ட கேட்டு இடம் மாத்திக்கிட்டேன், இப்ப ஒரு பக்கம் முப்பது வருஷமா பாடுற ஒரு ஆல்டோ, பின்னாடி பேஸ். நெல்லை அண்ணா சொன்ன மாதிரி ஃபார் த மவுத் வந்தப்போ காதை பின்னாடி வச்சேன். ஏ நிக்குது! இத்தன நாள் அது அங்கேயேதான் இருந்திருக்கு, நான்தான் கேக்கல. அதுக்கு மேல என் வரி சொப்ரானோவோட ஒட்டாம தனியா நின்னுது, ஒரு பக்கம் முழுக்க. அக்கா, நீங்க எழுதினதை மூணு தடவ படிச்சேன். ஃபார் அன்டு அஸ்ல இன்னும் பாதி சொல்லுதான் வருது, அதை மட்டும் பாடினேன், வாயை அசைக்கல. விலகல. கண்ணாடியும் வரைஞ்சாச்சு.

ஒரு சின்ன சந்தேகம், கருப்பு டிரஸ்தான் போடணுமாம். கருப்புல ஒரு பட்டுப்புடவை இருக்கு, மெல்லிசு ஜரிகை. கட்டலாமா?

ஸ்கார்பரோ_அக்கா:

வடிவாக் கட்டுங்கோ. வளையல் மட்டும் வேண்டாம். புத்தகம் பிடிக்கிற கையில போட்டால் தம்பி சொன்ன அந்த நிப்பாட்டுற இடத்தில அதுதான் கேக்கும்.