விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?

தண்டையார்பேட்டை டெல்டா:
மேல்பக்கம் வளைந்து நீளமாக இருப்பதால், கீழே போகும் காற்றோடு பின்முனையில் சேர்ந்துகொள்ள மேல் காற்று வேகமாக ஓடுகிறது என்று இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அப்படிச் சேர ஒரு கட்டாயமும் இல்லை. இறக்கை மாதிரியைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டு அனுப்பினால், மேல் காற்று முந்திக்கொண்டு போய்விடும். நூல் கட்டிப் பறக்கவிடும் காத்தாடிக்கு ஏது வளைவு? சாய்ந்த பரப்பின் அடியில் காற்று மோதித் தள்ளுகிறது, அவ்வளவுதான். வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி விதி தேவையே இல்லை.

காசிமேடு கியர்பாக்ஸ்:
முதல் பாதி சரி அண்ணே. ஆனால் அடிமோதல்தான் காரணம் என்றால், சாய்க்கச் சாய்க்கத் தூக்குவிசை ஏறிக்கொண்டே போகணும். ஏறத்தாழ 15 டிகிரியில் சரிந்துவிடுகிறதே, ஏன்? அடியில் மோதல் குறையவில்லை. மேல்பக்கத்தை ஒட்டி வளைந்து வந்த காற்று பிரிந்துபோய், அங்கிருந்த தாழ்வழுத்தம் கலைந்துவிட்டது.

ஏ320 பயணிகள் விமானத்தின் கணக்கைப் பாருங்கள்: புறப்படும் எடை சுமார் 78 டன், இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 640 கிலோ, அதாவது 6.3 கிலோபாஸ்கல் அழுத்தம். வளிமண்டல அழுத்தமோ 101. வெறும் 6 சதவீத வித்தியாசம் போதும். அதில் பெரும்பங்கு மேலே அழுத்தம் குறைவதால் வருவது.

கண்ணால் பார்க்கணுமா? காசிமேட்டில் பழுதுக்குக் கரையேற்றிய விசைப்படகின் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். அதன் இதழும் சுழலும் இறக்கைதான். தண்ணீரைத் தள்ளுவது பின்முகம். குழி விழுவதோ பெரும்பாலும் படகைப் பார்த்த முன்முகத்தில், வெளி ஓரத்தை ஒட்டி. 30 டிகிரித் தண்ணீர், அழுத்தம் 4.2 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் கொதிக்கும். அந்த ஆவிக்குமிழ்கள் உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன.

தண்டையார்பேட்டை டெல்டா:
உப்பு அரித்த குழியை அழுத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ப்ரொப்பெல்லருக்குப் பதிலாகத் தான் அரிந்துபோக மாட்டும் துத்தநாகக் கட்டி தேய்ந்தாலே ப்ரொப்பெல்லர் அரிக்கும்.

ராயபுரம் சுக்கான்:
பிரித்துப் பார்க்க வழி இருக்கு. உப்பு அரிப்பு முன்முகம் பின்முகம் பார்க்காது. பித்தளை செம்பு நிறத்துக்குச் சிவக்கும். குமிழ் கொத்தியது ஒரே முகத்தில், ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும். புதுக் கட்டி மாட்டியும் அதே இடத்தில் குழி விழுந்தால், இதழ் ஓரம் வளைந்திருக்கிறதா, எஞ்சின் தரும் சக்திக்கு இதழ்ப் பரப்பு போதுமா என்று பாருங்கள். வெறுமனே வெல்டு வைத்து மூடினால் திரும்ப வரும்.

தண்டையார்பேட்டை டெல்டா:
சரி, மேல்பக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று கீழே திரும்பாமல் தூக்குவிசை கிடையாது. 78 டன்னைத் தாங்க, நொடிக்கு நொடி டன் கணக்கில் காற்றைக் கீழே தள்ளியாகணும். ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்ற நியூட்டனை எங்கே விடுவீர்கள்?

காசிமேடு கியர்பாக்ஸ்:
விடவே இல்லை. காற்று இறக்கையைத் தொடுவது அழுத்தத்தாலும் உராய்வாலும் மட்டும்தான். நீங்கள் சொல்லும் எதிர்வினை இறக்கைக்கு வந்து சேர்வதும் அதே அழுத்தத்தின் வழியாகத்தான். பெர்னூலிக்குப் பாதி, நியூட்டனுக்குப் பாதி என்று மட்டும் பங்கு போடாதீர்கள். இருப்பது ஒரே விசை.