யூபிஐ பணம் வந்த பிறகும் ஆர்டர் தானாக ரத்தாகிறது – வூகாமர்ஸ் கடையில் உதவி தேவை

கேள்வி (அருமனை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் தேனீ வளர்க்கும் சில குடும்பங்களுக்காக வேர்ட்பிரஸ் தளமும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளும் கொண்டு ஓர் இணையக் கடையை நடத்தி வருகிறேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் வெளியூர் வாடிக்கையாளர்களும் தேடி வாங்குகிறார்கள்.

வாடிக்கையாளர் யூபிஐ மூலம் செலுத்தும் பணம், அதை எங்களுக்காகப் பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தில் உள்ள எங்கள் கணக்கில் பதிவாகிறது. ஆனால் கடையில் அந்த ஆர்டர் ‘பெண்டிங் பேமெண்ட்’ (பணம் இன்னும் வரவில்லை) நிலையிலேயே நின்று, ஒரு மணி நேரம் கழிந்ததும் தானாக ‘கேன்சல்டு’ ஆகிவிடுகிறது. எல்லா ஆர்டர்களுக்கும் இப்படி நேர்வதில்லை. கணினியில் வாங்கியவர்களின் ஆர்டர்கள் ஒழுங்காகவே வருகின்றன. கைப்பேசியில் வாங்கியவர்களின் ஆர்டர்களே பெரும்பாலும் ரத்தாகின்றன.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர், பச்சை டிக்கும் பன்னிரண்டு இலக்க யூடிஆர் எண்ணும் (பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் எண்) தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பி, “பணம் போய்விட்டது, கடையில் ரத்து என்று காட்டுகிறதே” என்று கேட்டிருக்கிறார். கொசுத்தேன் (கொடுக்கில்லாத சிறு தேனீக்களின் தேன்) இருப்பு மிகக் குறைவு என்பதால், ரத்தான ஆர்டருக்குரிய கடைசிப் பாட்டிலை இன்னொருவரும் பணம் கட்டி வாங்கிவிட்டார். முகம் தெரியாத ஒருவர் எங்களை நம்பி முன்பணம் அனுப்பும்போது இப்படி நேர்வது மிகவும் வருத்தமாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (தக்கலை)

சகோதரி, ரிசர்வ் வங்கியின் விதிப்படி, யூபிஐயில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகவே வாடிக்கையாளரின் கணக்கிற்குத் திரும்பிவிடும். ஆகவே காத்திருக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (நாகர்கோவில்)

தக்கலை நண்பர் சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை அது. ஐந்து நாட்களுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. ஆனால் அது பணம் நடுவழியில் நின்றுபோன பரிவர்த்தனைக்குரியது. இங்கே பரிவர்த்தனை வெற்றி பெற்று, பணம் சகோதரியின் கேட்வே கணக்கிற்கு வந்துவிட்டது. எனவே அது தானாகத் திரும்பாது. காத்திருக்கச் சொன்னால் வாடிக்கையாளரிடம் பணமும் இராது, தேனும் இராது.

பணம் கட்டப்பட்ட செய்தி கடைக்கு இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, பணம் கட்டியவர் பிரவுசருக்குத் திரும்பி வரும்போது அந்தப் பக்கம் கொண்டு வருவது. மற்றொன்று, கேட்வேயின் சர்வர் நேரடியாகக் கடையின் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக். கைப்பேசியில் வாங்குபவர் யூபிஐ செயலிக்குத் தாவிப் பணம் கட்டியதும், பலரும் அங்கேயே கைப்பேசியை மூடி வைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்தாலும், பின்னணியில் இருந்த பிரவுசர் பக்கத்தைக் கைப்பேசி அதற்குள் மூடியிருக்கக் கூடும். கணினியில் க்யூஆர் குறியீட்டைக் காட்டிப் பணம் வாங்கும்போது பக்கம் திறந்தே இருப்பதால் முதல் வழி தவறுவதில்லை. தாங்கள் சொன்ன கணினி–கைப்பேசி வேறுபாடு, வெப்ஹுக் வேலை செய்யவில்லை என்பதையே காட்டுகிறது.

ஒரு மணி நேரக் கணக்கு வூகாமர்ஸின் ‘ஹோல்டு ஸ்டாக்’ அமைப்பிலிருந்து வருகிறது. செட்டிங்ஸில் ப்ராடக்ட்ஸ், அதனுள் இன்வென்டரி பகுதியில் அது 60 நிமிடம் என்று இருக்கும். பணம் வராத ஆர்டரை அந்த நேரம் கடந்ததும் ரத்து செய்து, பிடித்து வைத்த சரக்கை விடுவிப்பது அதன் வேலை. பணம் வந்தது அதற்குத் தெரியாததால் அது தன் வேலையைச் செய்கிறது.

முதலில் கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹுக் பகுதியைத் திறந்து, அது உண்மையான விற்பனைக்குரிய லைவ் கணக்கில் பதிவாகியிருக்கிறதா (சோதனைக்கான டெஸ்ட் கணக்கில் பதிந்தது லைவுக்கு உதவாது), அனுப்பிய செய்திகளுக்குக் கடை என்ன பதில் எண் தந்திருக்கிறது என்று பாருங்கள். 200 என்று இருக்க வேண்டும்; செய்தி சரியாகக் கிடைத்தது என்பது அதன் பொருள்.

மறுமொழி (குளச்சல்)

ஹோல்டு ஸ்டாக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் ஆர்டர் ரத்தாகாது. அதுவே எளிய வழி.

மறுமொழி (நாகர்கோவில்)

ரத்தாகாது என்பது சரி. ஆனால் காலியாக விட்டால், பணம் கட்டிக்கொண்டிருப்பவருக்காகச் சரக்கைப் பிடித்து வைப்பதும் நின்றுவிடும். கொசுத்தேன் போல ஓரிரு பாட்டில்களே இருக்கும் பொருளில் அது இரட்டை விற்பனையை இன்னும் கூட்டும்.

கேள்வி கேட்டவர் (அருமனை)

அண்ணாச்சி, பார்த்தேன். வெப்ஹுக் லைவில்தான் இருக்கிறது, ஆனால் ‘டிஸேபிள்டு’ என்று காட்டுகிறது. அதற்கு முன் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றுக்கும் பதில் 403 (அனுமதி மறுப்பு). பாதுகாப்புக்காக, கடையை நிர்வகிக்கும் அட்மின் கோப்புறையை எங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து மட்டும் திறக்கும்படி செக்யூரிட்டி ப்ளகினில் அமைத்திருக்கிறோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி (நாகர்கோவில்)

நேரடித் தொடர்பு உண்டு. சில கேட்வே ப்ளகின்கள் வெப்ஹுக்கை அட்மின் கோப்புறைக்குள் இருக்கும் admin-post.php என்ற கோப்பின் வழியாகத்தான் பெறுகின்றன. தங்கள் வெப்ஹுக் முகவரியிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெளியிலிருந்து வரும் கேட்வே சர்வரைத் தங்கள் பூட்டு தடுத்து 403 சொல்லியிருக்கிறது. தொடர்ந்து தோல்வியடையும் வெப்ஹுக்கைக் கேட்வே தானே முடக்கிவிடுவதும் வழக்கம்.

பூட்டை முழுவதும் எடுத்துவிட வேண்டாம். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்து, வெப்ஹுக்கை மீண்டும் இயக்குங்கள். வெப்ஹுக் செய்தி உண்மையானதுதானா என்று சரிபார்க்க உதவும் ‘சீக்ரெட்’ என்ற ரகசியச் சொல் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். பிறகு விலை குறைந்த ஒரு பொருளைக் கைப்பேசியில் வாங்கி, பணம் கட்டியதும் பிரவுசருக்குத் திரும்பாமலேயே இருங்கள். ஆர்டர் ‘ப்ராசஸிங்’ (பணம் வந்துவிட்டது, அனுப்ப வேண்டும்) என்று மாறினால் சரியாகிவிட்டது என்று பொருள்.

பழைய ஆர்டர்களைக் கேட்வே பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பணம் உண்மையில் ‘கேப்சர்டு’ ஆனவற்றை (கேட்வே பணத்தைப் பெற்றுக்கொண்டதாகக் காட்டுபவற்றை) மட்டும் ‘ப்ராசஸிங்’ நிலைக்கு மாற்றி, பேமெண்ட் ஐடியை ஆர்டர் குறிப்பில் எழுதி வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். பணம் திருப்ப வேண்டியிருந்தால் கேட்வே வழியாகவே ரீஃபண்டு கொடுங்கள்; தனியாக வேறு எண்ணுக்கு அனுப்பினால் கணக்கு பொருந்தாது.

கேள்வி கேட்டவர் (அருமனை)

முகவரியில் அந்தக் கோப்பின் பெயர்தான் இருந்தது. விலக்கு கொடுத்து, தேன்மெழுகு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். செயலியை விட்டு வெளியே வராமலேயே ஆர்டர் ‘ப்ராசஸிங்’ ஆனது, டாஷ்போர்டிலும் 200 பதிவாகியிருக்கிறது. கொசுத்தேன் பாட்டிலை, கேட்வே நேரப்படி முதலில் பணம் கட்டிய நெய்யாற்றின்கரை வாடிக்கையாளருக்கு மார்த்தாண்டம் அஞ்சலகத்திலிருந்து அனுப்பிவிட்டோம். மற்றவரிடம் பேசினோம், அவர் ரீஃபண்டு கேட்டார், கொடுத்துவிட்டோம். ஹோல்டு ஸ்டாக் 60 நிமிடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அண்ணாச்சிக்கும் மறுமொழி தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.