குட்டை மீன் செத்தது களை மருந்தாலயா, மூச்சு முட்டியா?

கடைமடைக்காரன்:
ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. 30 சென்ட் குட்டையில கட்லா, ரோகு, புல்கெண்டை விட்டிருக்கேன். ஆடியில விட்ட குஞ்சு, இப்ப கால் கிலோ தேறும். எனக்கு மேல ஒன்றரை ஏக்கர்ல போன புதன்கிழமை சம்பா நட்டாங்க. சனிக்கிழமை காலையில பூட்டாகுளோர்ங்கிற களை மருந்தை மணல்ல கலந்து வீசினாங்க. அன்னிக்கு ராத்திரியே அடைமழை. நாத்து முழுகிடும்னு வயக்காரர் வடிமடையை வெட்டி விட்டுட்டார். அந்தத் தண்ணி வாய்க்கால் வழியா என் குட்டையில ஏறிடுச்சு. திங்கள் விடியக்காலம் போய்ப் பாத்தா கரையெல்லாம் வெள்ளை வெள்ளையா மிதக்குது. "ரெண்டு நாளா மூடாப்பு, மூச்சு முட்டித்தான் செத்திருக்கும்"ங்கிறார் அவரு. சண்டை போட வரல. எதுனாலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விரால்வாளி:
அவரு சொல்றதும் நடக்கிறதுதான். வெயில் இல்லைன்னா பாசி ஆக்சிஜன் விடாது, விடியற நேரம் ஆக்சிஜன் தரைதட்டிடும். பெரிய மீனு முதல்ல போகும், வாயைத் தூக்கிக்கிட்டு மேல நிக்கும். ஆனா விரால், பனையேறிக் கெண்டை எல்லாம் காத்தைக் குடிச்சுப் பிழைக்கிற சாதி. அதுவும் செத்துக் கிடந்தா மருந்துதான்னு சந்தேகப்படுங்க. பாத்தீங்களா?

மணல்மூட்டை:
கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 1 லிட்டர் வீசுறோம், அது 50 சதம் மருந்து, அப்படின்னா 500 கிராம் சரக்கு. வயல்ல ரெண்டு அங்குலம் தண்ணி நின்னா ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர். எல்லாம் கரைஞ்சு நின்னா லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயத்துல பூட்டாகுளோருக்கு வச்சிருக்கிற வரம்பு லிட்டருக்கு 125 மைக்ரோகிராம் (0.125 மில்லிகிராம்), இது அதுல இருபது மடங்கு. சேறு பாதியைப் பிடிச்சுக்கிட்டாலும் மிச்சம் கம்மி இல்லை. அதனாலதான் வீசின பிறகு ரெண்டு நாள் தண்ணி வடிக்கவும் கூடாது, புதுசாப் பாய்ச்சவும் கூடாதுன்னு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது. வானத்தைப் பாக்காம வீசினதுதான் தப்பு. மழையில மடை வெட்டினதுக்கு அவரை என்ன சொல்றது, நான் இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

சோதிக்கணும்னா கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, ஐஸ்ல வச்சு உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்க. பிளாஸ்டிக் மருந்தை இழுத்துக்கும்.

கடைமடைக்காரன்:
விரால்வாளி அண்ணே, நீங்க சொன்னதும் ஓடிப்போய்ப் பாத்தேன். வாய்க்கால் சேர்ற மூலையில ஒரு விரால், ரெண்டு பனையேறி செத்துக் கிடந்துச்சு. எதிர்க் கரையில பெரிய கட்லாதான் செத்திருக்கு, பொடி எல்லாம் உயிரோட ஓடுது.

ஆய்வகத்துக்குப் பணம் இல்லை. அதனால மூணு வாளி வச்சேன்: ஒண்ணுல வாய்க்கால் தண்ணி, ஒண்ணுல குட்டை நடுத் தண்ணி, ஒண்ணுல முந்தின நாளே பிடிச்சு வச்ச போர்த் தண்ணி. ஒவ்வொண்ணுலயும் பத்துக் கெண்டைக் குஞ்சு. பையனோட மீன் தொட்டியில இருந்து காத்து மோட்டாரைப் பிடுங்கி மூணுக்கும் குழாய் விட்டேன், மூச்சு முட்டிச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதே! பொழுது சாய்றதுக்குள்ள வாய்க்கால் வாளியில ஆறு மல்லாந்துடுச்சு. மத்த ரெண்டுலயும் ஒண்ணும் ஆகல.

விரால்வாளி:
அப்ப ரெண்டும் சேர்ந்துதான் அடிச்சிருக்கு தம்பி. மூலையில மருந்து, அந்தப் பக்கம் மூச்சு. செத்ததை அள்ளி ஆழமாப் புதைங்க, நாய் தின்ன விடாதீங்க. அழுகினா இன்னும் ஆக்சிஜன் போகும். ஆமா, உங்க வயத் தண்ணி எங்க வடியுது?

கடைமடைக்காரன்:
அதைக் கேட்டுட்டீங்களே. கீழத்தெரு ஊருணிக்கு. குறுவையில நானும் வீசின மறுநாளே வடிச்சேன், அங்கே யாரும் மீன் வளர்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு. மாடு குடிக்கிற தண்ணி அது.

வயக்காரர் நேத்து சாயந்திரம் வந்து வாளியைப் பாத்தார், ஒண்ணும் பேசல. இனிமே வீசுற அன்னிக்குப் போன் பண்றேன்னுட்டுப் போனார். வாய்க்கால் வாயில நாலு மணல் மூட்டை அடுக்கிட்டேன், அவரு சொன்னா அடைச்சுக்கலாம். ஊருணிக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிக்கிறேன். மருந்து வீசாம, நடவுக்கு வரிசை பிடிச்சு, கோனோவீடர் (களையைச் சேத்துல அமுக்குற தள்ளு கருவி) ஓட்டினவங்க யாராச்சும் இருந்தா ஏக்கருக்கு எத்தனை ஆள் புடிக்கும்னு சொல்லுங்க.